மணல் தின்னும் மோட்டாரும் மணல் அள்ளும் துறைமுகமும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஒரு சிறு மீனவரின் தொழிலை முடக்கப் புயல் வர வேண்டியதில்லை. ஒரு பிடி மணல் போதும். ஆழமற்ற கரையோர நீரில் படகைச் செலுத்தும்போது, பின்புறம் பொருத்தப்பட்ட அவுட்போர்டு மோட்டார் கடல்நீரோடு மணலையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. சில வாரங்களில் இயந்திரம் சூடேறித் திணறுகிறது. ஒருநாள் நடுக்கடலில் நின்றுவிடுகிறது.

இப்படி ஒரு மோட்டார் பழுதானால் அதிகார வட்டாரங்களில் ஆயத்தமாக ஒரு விளக்கம் இருக்கும்: மீனவர்களுக்குப் பராமரிக்கத் தெரியவில்லை, மானியத்தில் வாங்குகிறார்கள், கழுவி வைப்பதில்லை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்தின் உள்ளே ஓர் அரசியல் ஒளிந்திருக்கிறது. பொதுச் செலவில் அமைய வேண்டிய ஏற்பாட்டை அமைக்காமல் விட்டுவிட்டு, அதன் விளைவைத் தனிமனிதரின் ஒழுக்கக்கேடாகக் காட்டும் அரசியல் அது. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், முதலில் அந்த மோட்டாரைத் திறந்து பார்க்க வேண்டும்.

இயந்திரத்தின் தொண்டை

காருக்கும் லாரிக்கும் ரேடியேட்டர் உண்டு. அதே நீர் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து எஞ்சினைக் குளிர்விக்கும். பெரும்பாலான அவுட்போர்டு மோட்டார்களுக்கு அந்த வசதி கிடையாது. படகு மிதக்கும் நீரே அவற்றின் குளிர்விப்பான். புரொப்பல்லருக்குச் சற்று மேலே, கியர் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள துளைகள் வழியே கடல்நீர் உள்ளே நுழைகிறது. அதற்கு மேலே ஓர் உலோகக் கிண்ணத்துக்குள் இம்பெல்லர் என்னும் ரப்பர்ச் சக்கரம் சுழல்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சக்கரத்தின் இதழ்களே நீரை மேலே தள்ளுகின்றன. நீர் மெல்லிய குழாய் வழியே ஏறி, சிலிண்டரைச் சுற்றியுள்ள குறுகிய பாதைகளில் ஓடி, வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. அதில் ஒரு சிறு பங்கு மோட்டாரின் பின்புறம் மெல்லிய தாரையாகப் பீய்ச்சி அடிக்கும். அனுபவமுள்ள மீனவர் மோட்டாரைக் கிளப்பியதும் முதலில் பார்ப்பது அந்தத் தாரையைத்தான். இயந்திரத்தின் நாடித்துடிப்பு அது.

மணல் இந்தப் பாதை முழுவதையும் தாக்குகிறது. ரப்பர் இதழ்களை அரத்தைப்போல் தேய்க்கிறது. உலோகக் கிண்ணத்தின் உட்சுவரைக் கீறுகிறது. இதழுக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி விழுந்ததும் நீரைத் தள்ளும் விசை குறைகிறது. குறுகிய பாதைகளின் வளைவுகளில் மணல் தங்குகிறது. அதன்மேல் சூட்டில் உறைந்த உப்பு படிந்து, இரண்டும் சேர்ந்து கல்லாக இறுகுகின்றன. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு சிக்கிக்கொள்கிறது. துளைகளின் வாயில் ஒரு நெகிழித்தாள் ஒட்டிக்கொண்டாலோ நீரே வராமல், இம்பெல்லர் உலர்ந்து சுழன்று சிறிது நேரத்தில் கிழிந்துபோகிறது. கிழிந்த ரப்பர்த் துண்டுகள் மேலே ஏறி மற்றொரு அடைப்பை உண்டாக்குகின்றன. முடிவில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்கிறது. அதன்பின் வேண்டியிருப்பது பழுதுபார்ப்பு என்று சொல்லக்கூடியதாக இராது. புதிய எஞ்சின் வாங்கும் செலவுக்கு நெருங்கிவிடும்.

இதைத் தடுக்கும் வழியில் எந்த மர்மமும் இல்லை. கடலிலிருந்து திரும்பியதும் நன்னீரால் உட்பாதையைக் கழுவ வேண்டும். நீர்த்துளைகளின் மேல் காதுமூடிபோல் மாட்டும் ரப்பர்க் கிண்ணங்களைக் குழாயோடு இணைத்து, குறைந்த வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடலாம். அது இல்லையென்றால் புரொப்பல்லரைக் கழற்றி, துளைகளும் பம்பும் மூழ்கும் அளவுக்கு நன்னீர் நிரப்பிய டிரம்மில் நிறுத்தி ஓடவிடலாம். வெளித்தாரை வராவிட்டால் முதலில் அதன் துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். அப்போதும் வராவிட்டால் எஞ்சினை நிறுத்தி, கீழ்ப்பகுதியைக் கழற்றி இம்பெல்லரைப் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, மேலிருந்து கீழாக நீரைச் செலுத்தினால் வந்த வழியே மணல் வெளியேறும். நீரில்லாமல் எஞ்சினை ஒரு கணமும் ஓட்டக்கூடாது.

எழுத்தறிவில்லாதவர்கூட ஒருமுறை பார்த்தால் கற்றுக்கொள்ளும் வேலை இது. ஆகவே, மீனவருக்குத் தெரியவில்லை என்ற குற்றச்சாட்டு இங்கேயே வலுவிழக்கிறது. தெரிந்தவர் செய்யவும் தேவைப்படுபவை மூன்று: நன்னீர், உதிரிப்பாகம், மோட்டாரை நிறுத்திவைத்து வேலைசெய்ய ஓர் இடம். இம்மூன்றும் அங்கே கிடைக்கின்றனவா?

நன்னீர் யாருக்கு?

தீவுகளின் தலைநகர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டினார்கள். பெயர் மாறியது, குழாயில் வரும் நீர் மாறவில்லை. நகரத்தின் முதன்மை நீராதாரமான தனிக்காரி அணை கோடையில் வற்றும்போது, குடிநீரே சில நாள்களுக்கு ஒருமுறைதான் விநியோகிக்கப்படுகிறது. வீட்டில் சோறு வடிக்க நீருக்குக் காத்திருக்கும் குடும்பத்திடம், ஒரு டிரம் நன்னீரை மோட்டாருக்கு ஊற்றுங்கள் என்று அறிவுரை கூறுவது எத்தகைய அறம்? நீரைக் குழந்தைக்குக் கொடுப்பதா, எஞ்சினுக்குக் கொடுப்பதா என்ற நிலை வந்தால் எந்தத் தாயும் எஞ்சினைத் தேர்ந்தெடுக்க மாட்டார். அதை அலட்சியம் என்று பெயரிட்டு அழைப்பவர்கள் ஒரு கோடையை அந்தத் தெருவில் கழித்துப் பார்க்கட்டும்.

இத்தனைக்கும் இது மழையில்லாத மண்ணல்ல. இரண்டு பருவமழைகளும் பொழியும் இத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னை பெறுவதைப்போல் இருமடங்குக்கும் மேல். ஒவ்வொரு மீன் இறங்குதளத்திலும் ஒரு கூரையும் அதன்கீழ் ஒரு தொட்டியும் இருந்தால், அந்த மழையே மோட்டார்களைக் கழுவும். பற்றாக்குறை வானத்தில் இல்லை, திட்டமிடலில் இருக்கிறது.

உதிரிப்பாகங்களின் கதையும் இதுவே. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல்வழியில் சுமார் 1,200 கிலோமீட்டர். அங்கிருந்து கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேக்கு மேலும் 500 கிலோமீட்டருக்கு மேல். வானிலை மோசமானால் கப்பல் தாமதமாகும். ஓர் இம்பெல்லர் வந்து சேரும்வரை படகு கரையில் கிடக்கும். காத்திருக்க வசதியில்லாதவர் தேய்ந்த இம்பெல்லரோடு மீண்டும் கடலுக்குப் போவார். அந்தப் பயணத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டால், ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் அந்தமான் கடலும் விரிந்து கிடக்கும் இடத்தில் படகு மிதக்கும் திசையை நீரோட்டமே தீர்மானிக்கும். ரப்பர்ச் சக்கரம் கிடைக்காத குறை உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது.

தேய்மானம் யார் கணக்கில்?

மூலதனம் நூலின் இரண்டாம் தொகுதியில் மார்க்ஸ் இயந்திரத்தின் தேய்மானத்தையும் பராமரிப்பையும் விரிவாக ஆராய்கிறார். இயந்திரத்தைத் துப்புரவாக வைத்திருக்கும் உழைப்பைத் தொழிலாளர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றிச் செய்கிறார்கள் என்பதையும், ஓடும் இயந்திரத்தைத் துடைக்க நேர்வது விபத்துகளுக்கு ஒரு முக்கியக் காரணமாகிறது என்பதையும் அங்கே அவர் சுட்டிக்காட்டுகிறார். இங்கிலாந்தின் ஆலைகளைப் பார்த்து எழுதப்பட்டது அது. ஹட் பேயிலோ மாயாபந்தரிலோ இரவெல்லாம் வலையிழுத்துக் களைத்துத் திரும்பும் மீனவரின் வாழ்க்கைக்கும் அது பொருந்துகிறது. மீனை ஏலத்துக்குச் சேர்த்தபின், பனிக்கட்டிக் கடனைக் கணக்குப் பார்த்தபின், அவர் தூங்க வேண்டிய நேரத்தில்தான் மோட்டாரைக் கழுவியாக வேண்டும். அந்த உழைப்புக்கு மீன் விலையில் இடமில்லை. வியாபாரியின் கணக்கிலும் இல்லை, அரசின் கணக்கிலும் இல்லை.

பாரம்பரியப் படகுகளுக்கு மோட்டார் பொருத்த மானியம் வழங்கும் ஒன்றியத் திட்டங்கள் 1980களிலிருந்தே உள்ளன. 2020இல் 20,050 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கப்பட்ட பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், பயனாளிக்குரிய பல இனங்களில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் தலித், பழங்குடி, பெண் பயனாளிகளுக்கு 60 சதவீதமும் மானியம் உண்டு. மானியம் வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அந்தப் பணம் மீனவரின் கையைத் தொட்டுவிட்டு எஞ்சின் நிறுவனத்தின் கல்லாவுக்குப் போய்ச் சேர்கிறது. வாங்கும் நாளில் மேடையும் நிழற்படமும் உண்டு. அடுத்த நாள் முதல் தேய்மானம் மீனவரின் தனிச் சொத்து! பராமரிப்பு வசதி இல்லாமல் மானியம் மட்டும் தொடர்ந்தால், எஞ்சின் சீக்கிரம் பழுதாவதால் நட்டமடைபவர் மீனவரும் அரசுக் கருவூலமும். ஆதாயமடைபவர் அடுத்த எஞ்சினை விற்பவர். பொதுப்பணம் வீணாகிறது என்று வருந்துபவர்கள் இந்தக் கணக்கைத்தான் முதலில் தணிக்கை செய்ய வேண்டும்.

அலட்சியமாக இருப்பவர் மீனவரிலும் உண்டு, வேறெந்தத் தொழிலிலும் உண்டு. ஆனால் சாலையோரம் ஒரு பெட்ரோல் நிலையமும் பட்டறையும் இல்லாத ஊரில் லாரி ஓட்டுநரைப் பார்த்து, வண்டியைப் பராமரிக்கத் தெரியாதவர் என்று எவரும் சொல்வதில்லை. மீனவரை மட்டும் அப்படிச் சொல்ல முடிகிறது என்றால், அவருடைய உழைப்பை நவீனத் தொழிலாகவே ஆள்வோர் கருதவில்லை என்று பொருள்.

உயர்ந்த கரையும் தாழ்ந்த கரையும்

மணல் இவ்வளவு எளிதாக மோட்டாருக்குள் புகுவதற்கு நிலவியல் காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த நிலநடுக்கம் இத்தீவுக்கூட்டத்தையே சாய்த்துப்போட்டது. வடக்கே வட அந்தமானின் கரைகள் உயர்ந்தன. பவளத்திட்டுகள் நீருக்கு வெளியே வந்து மடிந்தன. முன்பு படகு மிதந்த இடங்களில் ஆழம் குறைந்தது. தெற்கே நிலம் அமிழ்ந்தது. நாட்டின் தென்கோடியான இந்திரா முனை சுமார் 4.25 மீட்டர் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. பழைய துறைகளை நம்பிப் படகைச் செலுத்த முடியாத புதிய கடற்கரை உருவானது. படகுத்துறை இல்லாத இடங்களில் டுங்கியை மணலில் ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். மணலிலிருந்து தள்ளித்தான் கிளப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் மோட்டார் கலங்கிய நீரையே முதலில் விழுங்குகிறது.

அந்தப் பேரழிவு நிக்கோபாரியப் பழங்குடி மக்களைத் தம் ஊர்களிலிருந்தே பெயர்த்தது. கிரேட் நிக்கோபாரில் சிங்கென், கொக்கியோன், புலோ பாபி முதலிய ஊர்களில் வாழ்ந்தவர்கள் கேம்ப்பெல் பே அருகே ராஜீவ் நகரிலும் நியூ சிங்கெனிலும் குடியமர்த்தப்பட்டார்கள். இடைக்கால ஏற்பாடு என்று கருதப்பட்டது இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. மூதாதையர் ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்களது இடையறாத கோரிக்கை. தெற்கு நோக்கிய கடலோரச் சாலை ஆழிப்பேரலையில் சிதைந்துபோன தீவில், பல கரைகளுக்குப் படகே வழி. தென்னந்தோப்பைப் பார்க்கவும், நோயாளியை அழைத்துவரவும் ஒரு மோட்டார் ஓட வேண்டும். அவர்களுக்கு அவுட்போர்டு மோட்டார் மீன்பிடிக் கருவி மட்டுமன்று. சொந்த மண்ணோடு எஞ்சியிருக்கும் உறவின் கயிறு.

72,000 கோடியும் ஒரு குழாயும்

இதே கிரேட் நிக்கோபாரில்தான் ஒன்றிய பாஜக அரசு தன் மாபெரும் திட்டத்தை இறக்குகிறது. நிதி ஆயோக் முன்மொழிந்த இத்திட்டத்தின் தொடக்க மதிப்பீடு 72,000 கோடி ரூபாய். கலாத்தியா விரிகுடாவில் ஆண்டுக்கு 1.42 கோடி பெட்டகங்களைக் கையாளும் சரக்குமாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் எனச் சுமார் 166 சதுர கிலோமீட்டர். அதில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு. தோல்முதுகுக் கடலாமைகள் முட்டையிடும் கலாத்தியா விரிகுடா சரணாலயம் 2021 ஜனவரியில் காப்புநிலையை இழந்தது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அதே மாதம் லிட்டில், கிரேட் நிக்கோபார் பழங்குடி மன்றம் தான் முன்பு அளித்த இசைவைத் திரும்பப் பெற்றது. வெட்டப்படும் மழைக்காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் வளர்ப்போம் என்றவர்களுக்கு, பழங்குடி மன்றத்தின் கடிதம் ஒரு காகிதமாகத்தான் தெரிந்திருக்கும்.

இந்தத் துறைமுகத்துக்காகக் கடலடியைத் தூர்வார வேண்டும். கடலின் ஒரு பகுதியை மணலிட்டு நிலமாக்க வேண்டும். தூர்வாரும் இடத்தில் கிளம்பும் நுண்மணலும் வண்டலும் நீரோட்டத்தோடு நகரும். அந்த நீரில் பவளமும் மூச்சுத்திணறும், சிறு படகின் மோட்டாரும் மூச்சுத்திணறும். இது வெற்றுக் கற்பனை என்பவர்கள் தமிழ்நாட்டின் எண்ணூரைப் பார்க்கட்டும். அங்கே அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழம்பு கசிந்து கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவில் படகுகளும் வலைகளும் ஊறின. வளர்ச்சியின் கசடு எங்கும் முதலில் சென்று அடைவது சிறு மீனவரின் படகைத்தான்.

கசடு உள்ளூரில் மட்டும் உருவாவதுமில்லை. கிரேட் நிக்கோபாரின் ஆளரவமற்ற கடற்கரைகளில் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து நாடுகளின் நெகிழிப் புட்டிகள் ஒதுங்கிக் கிடப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். உலகின் மிக நெரிசலான கப்பல் தடங்களில் ஒன்றான மலாக்கா நீரிணையின் வாயில் கிடக்கும் தீவு இது. கப்பல்களின் இலாபம் சிங்கப்பூரிலும் மும்பையிலும் சேர்கிறது. குப்பை நிக்கோபாரில் ஒதுங்குகிறது. கப்பல்களை மேலும் பெருக்கும் திட்டம் அந்தக் குப்பையைக் குறைக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

துறைமுகம் வந்தால் வேலை வரும் என்பது மறுபக்க வாதம். தானியங்கிப் பளுதூக்கிகளும் கணினிகளும் இயக்கும் பெட்டக முனையத்தில் டுங்கி ஓட்டியவருக்கு என்ன வேலை, எத்தனை வேலை என்பதை அவர்கள் சொல்லட்டும். அதற்குமுன், இன்று அவர் செய்துகொண்டிருக்கும் வேலையைக் காப்பாற்ற ஒரு நன்னீர்க் குழாய் வையுங்கள் என்பதே நம் கேள்வி. 72,000 கோடியை எண்ணத் தெரிந்த அரசுக்கு ஒரு குழாயை எண்ணத் தெரியாதா?

ஆழ்கடல் கொள்கையிலும் இதே முரண். 2024 நவம்பர் 14 அன்று சுவராஜ் தீவில் மீன்வளத் துறைக்கான முதலீட்டாளர் கூட்டம் நடத்தி, சூரை மீன் வளத்தைக் காட்டி மூலதனத்தை அழைத்தார்கள். இரண்டே வாரத்தில் ஏலம் அறிவிக்கப்பட்ட 13 கடற்கனிமத் தொகுதிகளில் 7 கிரேட் நிக்கோபாரை ஒட்டிய கடலில் இருந்தன. அதே ஏலத்தில் கொல்லம் கடலின் கட்டுமான மணலும் இருந்தது. அதை எதிர்த்துக் கேரள மீனவர்கள் 2025 பிப்ரவரி இறுதியில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தனிப் பொருளாதார மண்டல மீன்பிடி விதிகள், தாய்க்கப்பலும் சேய்க்கலங்களும் சேர்ந்து இயங்கும் முறையை முன்வைக்கின்றன. மீனவர் கூட்டுறவுகளுக்கு முன்னுரிமை என்றும் சொல்கின்றன. நல்லது. அந்த முன்னுரிமை உண்மையானால், ஆழ்கடல் கப்பலுக்கு முன்பாகக் கூட்டுறவின் கையில் ஒரு மோட்டார் பட்டறையைக் கொடுத்துக் காட்டட்டும்.

கேட்க வேண்டியவை

கோரிக்கைகள் எளியவை, எளியவை என்பதாலேயே அவற்றை மறுப்பது கடினம்.

ஒவ்வொரு மீன் இறங்குதளத்திலும் மழைநீர்த் தொட்டியும், மோட்டார் கழுவுவதற்கென்றே நன்னீர்க் குழாயும், டிரம்மும், மோட்டாரை நிறுத்தும் சட்டமும் அமைக்கப்பட வேண்டும். குடிநீரோடு இது போட்டியிடக் கூடாது.

திக்லிபூர், மாயாபந்தர், ஹட் பே, கார் நிக்கோபார், கமோர்ட்டா, கேம்ப்பெல் பே ஆகிய இடங்களில் இம்பெல்லர், தெர்மோஸ்டாட், கேஸ்கெட் முதலிய அன்றாட உதிரிப்பாகங்களை மீன்வளத் துறையோ கூட்டுறவோ இருப்பில் வைத்து, நிலப்பகுதியின் விலைக்கே வழங்க வேண்டும். கப்பல் கட்டணத்தை அரசு ஏற்க வேண்டும்.

மீனவக் குடும்பங்களின் இளைஞர்கள், பெண்கள் இருபாலருக்கும் அவுட்போர்டு மெக்கானிக் பயிற்சி அளித்து, அதே ஊரில் ஊதியத்தோடு பணியமர்த்த வேண்டும். பயிற்சிக் கையேடுகள் நிக்கோபாரியம், தமிழ், தெலுங்கு, வங்காளம், இந்தி என மக்கள் பேசும் மொழிகளில் இருக்க வேண்டும்.

மோட்டார் மானியத்தின் ஒரு பகுதி பராமரிப்புக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். எஞ்சினை விற்கும் நிறுவனம் தீவிலேயே பழுதுநீக்க வசதி வைத்திருப்பது கொள்முதலின் நிபந்தனையாக வேண்டும்.

தூர்வாரும் பணி எங்கு நடந்தாலும் நீரின் கலங்கலை அளந்து மக்கள் முன் வைக்க வேண்டும்; அதனால் படகுக்கும் தொழிலுக்கும் நேரும் இழப்புக்குத் திட்டத்தை நடத்துபவரே பொறுப்பேற்க வேண்டும்.

அந்தமான் நிக்கோபாருக்குச் சட்டமன்றம் கிடையாது. நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர். ஒரு குழாய்க்காகக் கேள்வி எழுப்பும் அவையே இல்லாத இடத்தில், கேள்வி தளத்திலிருந்துதான் எழ வேண்டும். தமிழ், தெலுங்கு, வங்காளம் பேசும் மீனவர்களும் நிக்கோபாரிய மக்களும் மொழியால் பிரிந்திருக்கலாம். அடைத்துக்கொள்ளும் மோட்டார் எல்லோருக்கும் ஒரே மாதிரியானது. மானியக் கோரிக்கையோடு நின்றுவிடாமல், இறங்குதளம் இறங்குதளமாகச் சென்று எங்கே குழாய் இல்லை, எங்கே உதிரிப்பாகம் இல்லை என்று பட்டியலிட்டு மனுக்களாக்குவது அவர்களை ஒரே வரிசையில் நிறுத்தும் வேலை.

மோட்டாரில் அடைத்த மணலை மீனவர் கழுவிவிடுவார். அதற்கு அவருக்குத் தேவை ஒரு டிரம் நன்னீர். அதைக்கூடக் கொடுக்க மனமில்லாத ஆட்சி அவருடைய கடலில் துறைமுகம் கட்ட வருகிறது என்றால், அது யாருக்கான துறைமுகம் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.